பிள்ளை பெற்றவளின் தலைமுடி: உதிர்வும் சிக்கும்



இந்தப் பாடம் தலைமுடியைப் பற்றியது. "குடும்ப நலத்துக்கும் கூந்தலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

பிரசவமாகி மூன்று மாதம் ஆன தாய் ஒருநாள் தலை வாருகிறாள். சீப்பு நிறைய முடி வருகிறது. கையால் கோதினால் கொத்தாக வருகிறது. பயந்து போகிறாள். பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். "காப்பர்-டி போட்டியே, அதுதான்" என்கிறார் ஒருவர். "ஆப்பரேஷன் பண்ணினா முடி கொட்டத்தான் செய்யும்" என்கிறார் இன்னொருவர். "பால் கொடுத்துக் கொடுத்தே முடி போச்சு, பாலை நிறுத்து" என்கிறார் மூன்றாமவர். பேச்சைக் கேட்டு அவள் காப்பர்-டியை எடுத்துவிட்டால் சில மாதங்களிலேயே மறுபடியும் கர்ப்பம் ஆகலாம். பாலை நிறுத்தினால் குழந்தை மெலியும். முடி கொட்டுவதும் நிற்காது, ஏனென்றால் காரணம் அதுவல்ல.

ஆகவே காரணம் எது, செய்ய வேண்டியது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முடி ஏன் கொட்டுகிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. வயலில் ஒரு பக்கம் நாற்று, ஒரு பக்கம் கதிர், ஒரு பக்கம் அறுவடை இருப்பதுபோல எல்லா முடியும் ஒரே வயதில் இருப்பதில்லை. ஒரு முடி 2 முதல் 6 வருஷம் வரை வளரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். பிறகு வளர்ச்சி நின்று இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருக்கும். அதன்பின் உதிரும். அதே வேரிலிருந்து புது முடி முளைக்கும். சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை.

கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் நீர்களால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் தலையிலேயே நிற்கிறது. அதனால்தான் கர்ப்பிணியின் கூந்தல் அடர்த்தியாகத் தெரிகிறது. குழந்தை பிறந்ததும் அந்தச் சுரப்பு சட்டென்று குறைகிறது. நின்று போயிருந்த முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. ஒன்பது மாதமாகப் பாக்கி நின்றதை மொத்தமாகக் கட்டுவது மாதிரிதான் இது.

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். குழந்தையின் சிரிப்பு முடியை உதிர்ப்பதில்லை. ஆனால் பாட்டிமார் மாதக் கணக்கைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த உதிர்வு சில மாதங்களில் குறையும். பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வருவதற்குள் முடி பழையபடி ஆகிவிடும். நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் சிலிர்த்து நிற்பதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அவை அறுந்த முடிகள் அல்ல, புதிதாக முளைத்தவை.

2. பழி யார் மேல்?

காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுவிட முடியும். பெண்களுக்கான குடும்பநல ஆப்பரேஷனும் பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டியே செய்யப்படுகிறது. முடி உதிர்வு அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. எது முன்னால் நடந்ததோ அதன் மேல் பழி விழுகிறது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். எதையும் போட்டுக்கொள்ளாத, ஆப்பரேஷனும் செய்துகொள்ளாத நாலு தாய்மாரைக் கேளுங்கள். அவர்களில் பலரும் "எனக்கும் மூணாம் மாசம் கொட்டிச்சு" என்பார்கள்.

காப்பர்-டியில் இருப்பது செம்பு. அதில் ஹார்மோன் மருந்து எதுவும் இல்லை. அது கர்ப்பப்பையில் மட்டும் வேலை செய்கிறது. ஆப்பரேஷனில் கருக்குழாயை மட்டுமே கட்டித் துண்டிக்கிறார்கள் அல்லது அடைக்கிறார்கள். சினைப்பையும் அதன் சுரப்பும் அப்படியே இருக்கின்றன. பால் கொடுப்பதற்கும் முடி உதிர்வதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் சிலருக்குத் தீட்டு அதிகமாகப் போகலாம். அப்படிப் போனால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி ரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை, ஊசி பற்றிச் சந்தேகம் இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு பிரசவத்துக்குப் பின் குறைந்தது இரண்டு வருஷமாவது கழித்து அடுத்த கர்ப்பம் வந்தால்தான் தாயின் உடம்பு தேறும்.

3. சிக்கு ஏன் விழுகிறது?

முடியின் மேல்தோல் வீட்டுக் கூரை ஓடு மாதிரி. செதில் செதிலாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும். ஓடுகள் படிந்திருந்தால் முடி வழுவழு என்று இருக்கும். வெயில், அழுக்கு, முரட்டுச் சோப்பு, ஈரத்தில் இழுத்து வாருதல் இவற்றால் ஓடுகள் தூக்கிக்கொள்கின்றன. அப்போது ஒரு முடி இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது.

பிள்ளை பெற்ற வீட்டில் இதற்கு மேலும் இரண்டு காரணம் உண்டு. உதிர்ந்த முடி கீழே விழாமல் கூந்தலுக்குள்ளேயே சுற்றிக்கொள்கிறது. அடுத்தது, தாய்க்குத் தலை வார நேரம் இல்லை. ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் கையால் சுருட்டி ஒரு கொண்டை போட்டால் அதோடு சரி. நாலு நாள் இப்படிப் போனால் சிக்கு. இரண்டு வாரம் போனால் முடிச்சு.

4. சிக்கு எடுக்கும் முறை

வலையில் சிக்கு விழுந்தால் மீனவர் வெட்டி எறிவதில்லை. தறியில் நூல் பின்னிக்கொண்டால் நெசவாளி இழுத்து அறுப்பதில்லை. நுனி தேடிப் பொறுமையாகப் பிரிக்கிறார்கள். கூந்தலுக்கும் அதே நியாயம்தான்.

தேவையானவை: தேங்காய் எண்ணெய், அகலப் பல் சீப்பு, அரைமணி நேரம். இன்னொருவர் கூட இருந்தால் நல்லது.

(அ) ரப்பர் வளையம், ஊசி, வாடிய பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

(ஆ) எண்ணெயை உச்சந்தலையில் மட்டும் வைத்தால் போதாது. சிக்கு இருக்கும் இடத்தில் விரலால் தடவுங்கள். அரைமணி நேரம் ஊறட்டும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, அதன் புரதச் சத்து வீணாவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயிலும் மினரல் ஆயிலிலும் அந்தப் பலன் காணவில்லை.

(இ) வகிடு எடுத்துக் கூந்தலை நாலு பாகமாகப் பிரியுங்கள். ஒரு பாகத்தை மட்டும் கையில் எடுங்கள். மற்றதைத் தளர்வாக முடிந்து வையுங்கள்.

(ஈ) நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். நுனிக்கு நாலு விரற்கடை மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் வாருங்கள். அப்போது இழுப்பு வேருக்குப் போகாது, வலிக்காது. அது பிரிந்ததும் இன்னும் நாலு விரற்கடை மேலே போங்கள். இப்படியே வேர் வரை வாருங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால், மேலே உள்ள சிக்கெல்லாம் கீழே இறங்கி ஒரே முடிச்சாகும். பாதி முடி அறுந்து போகும்.

(உ) முடிச்சு வந்தால் சீப்பைக் கீழே வையுங்கள். இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முடிச்சின் அடிப்பக்கத்திலிருந்து விரலால் இரண்டு மூன்று முடியாகப் பிரித்து விடுங்கள். சிக்குக்கோல் இருந்தால் மொண்ணை நுனியால் மெல்ல நெகிழ்த்தலாம். தையல் ஊசி, ஊக்கு வேண்டாம்.

(ஊ) பிரித்த பாகத்தைத் தளர்வாகப் பின்னிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போங்கள்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுருட்டை முடியில் சிக்கு சீக்கிரம் விழும். அது முடியின் குற்றமில்லை, அதன் வளைவு அப்படி. உலர்ந்த சுருட்டை முடியைச் சீப்பால் வாராதீர்கள். எண்ணெய் தடவியோ, செம்பருத்தி இலையை அரைத்த வழுவழுப்பான சாற்றைத் தடவியோ, வழுக்கல் இருக்கும்போதே விரலாலும் அகலப் பல் சீப்பாலும் பிரியுங்கள். நேர் முடிக்காரர்கள் முக்கால்வாசி காய்ந்த பிறகு வாருங்கள். ஈர முடி ஊறி நெகிழ்ந்திருக்கும், இழுத்தால் அறும்.

5. தலைக்குக் குளிக்கும்போது

சீயக்காய், அரப்பு எது பழக்கமோ அதைப் போடலாம். இரண்டிலும் இயற்கையாகவே நுரைக்கும் சத்து உண்டு. தூளை வடிகஞ்சியில் கரைத்தால் முடி அவ்வளவாக வறளாது. ஷாம்பு போடுகிறவர்கள் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் போடுங்கள். துணி துவைக்கும் சோப்பு தலைக்கு ஆகாது.

சிக்கு எடுத்த பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிக்கோடு குளித்தால் அது இறுகும். முடியை உச்சியில் குவித்து வைத்துத் துணி கசக்குவதுபோலத் தேய்க்காதீர்கள். தலைத்தோலை விரல் நுனியால் தேய்த்து, முடியைத் தொங்கவிட்டபடியே அலசுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். துண்டால் படார் படார் என்று அடித்து உலர்த்துவது முடியை ஒடிக்கும். ஈரத் தலையோடு இறுக்கிக் கொண்டை போட்டால் நாற்றம் வரும், முடியும் சிக்காகும்.

"பச்சை உடம்புக்காரி, தலைக்கு ஊத்தினா ஜன்னி வரும்" என்று வாரக் கணக்கில் தலையைத் தொடவிடாத வீடுகள் உண்டு. பிரசவித்தவளுக்கு ஜன்னி வருவது கிருமியாலும் ரத்தக்கொதிப்பாலும்தான், தலைக்குக் குளிப்பதால் அல்ல. வெந்நீரில் குளித்து நன்றாக உலர்த்திக்கொள்ளலாம். சாம்பிராணிப் புகை போடுவதானால் குழந்தையை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். பிஞ்சு நெஞ்சுக்குப் புகை ஆகாது.

6. பேன் இருந்தால்

பேன் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு ஏறும். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கு எடுத்து, ஈரத் தலையில் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். ஈர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும். ஒரே நாளோடு விட்டால் மறுபடி பெருகும். மருந்து வேண்டுமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, சொன்னபடி போட்டு, ஏழு முதல் பத்து நாளில் இன்னொரு தடவை போடுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்படியில் தீப்பற்றும், தோல் வெந்து போகும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தடவினால் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். உயிருக்கே ஆபத்து.

7. சடை விழுந்தால்

பல மாதம் பிரிக்காமல் விட்டால் முடி கம்பளி மாதிரி ஒட்டிச் சடையாகிறது. "அம்மன் வந்திருக்கா, கத்தி படக் கூடாது" என்று சிலர் பயப்படுகிறார்கள். சடைக்குள் அழுக்கு, பேன், புண் எதுவும் வெளியே தெரியாது. கழுத்து கனக்கும், நெறி கட்டும். ஆரம்பத்திலேயே எண்ணெய் ஊறவைத்துத் தினம் கொஞ்சமாகப் பிரித்தால் பிரிந்துவிடும். பிரியாதபடி இறுகியிருந்தால் கத்தரித்துவிடலாம். பழனிக்கும் சமயபுரத்துக்கும் முடி இறக்கிக் காணிக்கை கொடுக்கிறவர்கள்தானே நாம்! முடி கொடுப்பது சாமி குத்தம் ஆகாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று மறுபடி வளரும்.

8. குழந்தையின் விரலைப் பாருங்கள்

தாயின் தலையிலிருந்து உதிரும் ஒரே ஒரு நீள முடி, குழந்தையின் கால்விரலையோ கைவிரலையோ ஆண் குறியையோ சுற்றிக்கொள்வது உண்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. முடி இறுக இறுக விரல் வீங்கிச் சிவக்கும். ரத்தம் ஓடாமல் கறுத்தும் போகலாம். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால், பசி, ஈரம் பார்த்த பிறகு, காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். முடி சுற்றியிருந்து உடனே எடுக்க வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். பால் கொடுக்கும்போது தாய் கூந்தலைப் பின்னிக்கொண்டால் இந்த ஆபத்து குறையும்.

9. வேருக்கு உரம் ரத்தம்

மேலே எவ்வளவு தடவினாலும் முடியின் வேருக்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவத்தில் போன ரத்தமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். செவிலியர் இலவசமாகக் கொடுப்பார். காப்பி, டீ, பால் இவற்றோடு சேர்க்காமல், எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்புப் பழத்தோடு சாப்பிட்டால் உடம்பில் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

கீரை, பயறு, கடலை, முட்டை, கருவாடு, ஈரல் எது முடியுமோ அது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு தாய்க்குத்தான், மற்றவர்களுக்குப் பங்கு போட அல்ல. "பிள்ளை பெத்தவ கீரை தின்னா குழந்தைக்குப் பேதியாகும்" என்பது சரியல்ல.

ஒரு வருஷத்துக்குப் பிறகும் உதிர்வு நிற்கவில்லை, வட்டம் வட்டமாக வழுக்கை விழுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி, கழுத்தில் வீக்கம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

10. தகப்பன்மார் கவனத்துக்கு

"இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்" என்று தள்ளாதீர்கள். சிக்கு எடுக்க அரைமணி நேரம் வேண்டும் என்றோம். அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கக் கூடியவர் நீங்கள்தான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வெந்நீர் போட்டுக் கொடுங்கள். முதுகுப் பக்கத்துச் சிக்கு அவள் கைக்கு எட்டாது, நீங்கள் பிரித்து விடுங்கள். பெண்டாட்டிக்குத் தலை வாரினால் ஊர் சிரிக்குமா? சிரித்துவிட்டுப் போகட்டும். உழவு மாட்டைக் குளிப்பாட்டித் தேய்த்துவிடுகிற கைதானே அது!

இன்னொன்று முக்கியம். தலை வாராமல் இருப்பது எப்போதும் நேரமில்லாமையால் மட்டும் அல்ல. பிரசவித்த பெண் இரண்டு வாரத்துக்கு மேல் தலை வாராமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், காரணமின்றி அழுது, குழந்தையையும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருந்தால் "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், குணமாகும். செவிலியரிடம் சொல்லுங்கள். 104 அல்லது 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்களில் தமிழிலேயே பேசலாம். அவள் தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்வதாகப் பேசினால், பொருந்தாத பேச்சு பேசினால், தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நீங்களே சொல்லிப் பாருங்கள்

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பகுதியை மறுபடி வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. மூன்றாம் மாதம் முடி கொட்டினால் காப்பர்-டியை எடுத்துவிட வேண்டுமா?
2. சிக்கை உச்சியிலிருந்து வாருவதா, நுனியிலிருந்து வாருவதா?
3. குழந்தை வீறிட்டு அழுதால் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?
4. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாளைக்கு?
5. இந்த வாரம் தாய்க்குத் தலை வார அரைமணி நேரம் யார் ஏற்பாடு செய்வது? எந்த நாளில்?

ஐந்தாவது கேள்விக்குத் தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும்.